வாய் அசையாத படிப்பு

யசிந்தாவுக்குப் படிப்பு என்றால் சத்தம். பிள்ளை படிக்கிறாளா இல்லையா என்பதைக் குசினி அடுப்படியில் நின்றபடியே காதால் கண்டுபிடித்துவிடுவாள். மகள் லவீனா கோயிலில் மறைக்கல்விக்குப் பரிசு வாங்கியது அப்படி ஒப்புவித்துத்தான். சாதாரண தரப் பரீட்சையில் தேறியதும் அப்படித்தான். வாய் அசையாமல் இருக்கிற பிள்ளை படிக்கவில்லை, பிராக்குப் பார்க்கிறது.

அன்று காலை வீடு நிறையச் சத்தம்.

"இன்ற் ஐ ஈக்குவல் சீரோ... ஐ லெஸ் தான் ரென்... ஐ பிளஸ் பிளஸ்..."

முன்னறையில் சம்மணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, லவீனா பழைய வினாத்தாள்களின் விடைகளைச் செபமாலைபோல உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடிப் படிக்கிறாள் பாத்தியே?" யசிந்தா மகனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தச் சாமானை எடுத்தாப் பிறகுதான் பெட்டைக்கு வாய் திறந்தது."

லெனாட் ஜன்னல் பக்கம் திரும்பினான். அந்தச் சாமான், லவீனாவின் லப்ரொப், ஜன்னலடியில் வெயில் விழுகிற இடத்தில் விரிந்து கிடந்தது. நேற்றுப் பின்னேரம் முதல் அப்படித்தான் கிடக்கிறது. உயிர் வரவில்லை.

நடந்தது இதுதான். மூன்று கிழமைக்கு முன் கடல் தொழிலால் வந்த லெனாட், தங்கச்சி லப்ரொப்புக்கு முன்னால் அசையாமல் இருப்பதைக் கண்டான். திரையில் ஒரு பெடியனின் முகம். அவனும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. பேச்சில்லாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று லெனாட் முடிவு கட்டினான். லவீனா சொன்னதைக் கேட்கவில்லை. லப்ரொப்பை மூடிக் கையோடு கொண்டுபோய்விட்டான். கல்லூரியில் சோதனைக்கு முந்திய ஸ்ரடி லீவ், கணினி லப்பும் பூட்டு. அதனால் அவளுக்கு மிஞ்சியது கடதாசி மட்டும்.

அடித்து உடைத்திருந்தால்கூட ஒரு ஞாயம் இருந்திருக்கும். அவன் உடைக்கவில்லை. கடலுக்குக் கொண்டுபோகிற போனைக் கட்டுவதுபோல, இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, சைக்கிள் ரியூப் வெட்டிய பட்டியால் காற்றுப் புகாமல் இறுக்கி, கரையில் உள்ள மீன்வாடிக்குள் மூடி போட்ட பிளாஸ்ரிக் பரலில் பத்திரமாக வைத்தான். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுப் போகாது. ஆனால் அது கடல் இல்லை, தகரக் கூரை. மூன்று கிழமை வெயில் அந்தப் பையை அவித்தது. உள்ளே அகப்பட்டிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இயந்திரத்திலேயே படிந்தது. "சோதினைக்கு முதல் ஒருக்காக் குடு, பாவம்" என்று தாய் சொல்லி நேற்று அவிழ்த்தபோது, பையின் உட்புறமெல்லாம் வேர்த்திருந்தது.

"நான் நல்லாத்தான் கட்டினனான்" என்றான் லெனாட். நேற்றும் அதைத்தான் சொன்னான்.

"ஓம். நல்லாத்தான் கட்டியிருக்கிறாய்" என்றாள் லவீனா. நேற்றும் அவ்வளவுதான் சொன்னாள்.

இது ரிப்பீற். போன வருசம் புரோகிராமிங்கில் விழுந்தாள். இரண்டாம் தடவையும் விழுந்தால் மூன்றாம் தடவை இல்லை, டிப்ளோமாவும் இல்லை. டிப்ளோமா இல்லையென்றால் என்ன என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாதது. யசிந்தாவின் விரல்களைப் பார்த்தால் போதும். நண்டுக் கொம்பனியில் ஓடு பிரித்துச் சதை எடுத்து, நகக்கண் எல்லாம் வெடித்து, குளிர்த் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். அந்த விரல்களால் மகளின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

"படிச்சதுதான் வரும் பிள்ளை. பதறாதை."

---

குருநகரிலிருந்து ரவுண் கல்லூரிக்கு மோட்டச்சைக்கிளில் கொண்டுபோனது அண்ணன்தான். லெனாட் அன்று தொழிலுக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் கேட்டால் காற்று என்று சொல்லியிருப்பான். காற்று இல்லை.

கல்லூரி வாசலில் இறங்கும்போது லவீனா சொன்னாள்:

"நீ போ அண்ணை. நான் பஸ்சிலை வருவன்."

"நிக்கிறன்."

"மத்தியானம் வரைக்கும் லப்பிலை புரோகிராம் எழுத்து. பின்னேரம் மிஸ் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பா. செய்த புரோகிராமை விளங்கப்படுத்த வேணும்."

"நிக்கிறன் எண்டனெல்லே."

"காவலுக்கே?"

அவன் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் உள்ளே போனாள்.

---

வினா ஒன்றுதான். பழைய வினாத்தாள்களில் பத்து மாணவர்களின் புள்ளிகளை வாங்கிச் சராசரி காணச் சொல்வார்கள். பத்து என்பது வேதவாக்கு. இந்தத் தடவை யாரோ மாற்றிவிட்டிருந்தார்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டித் தெரியாது. பாவிப்பவர் -1 என்று கொடுக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கொடுத்ததும் நிற்க வேண்டும்.

லவீனா முதலில் வாசித்தாள். பிறகு தன்னையறியாமல் தொடங்கினாள்.

"இன்ற் ஐ ஈக்குவல் சீரோ..."

"பிள்ளை, வாயை மூடிக்கொண்டு செய்யும்" என்றார் மேற்பார்வைக்கு நின்றவர். "பக்கத்திலை ஆக்கள் இருக்கினம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் வாயை மூடினாள். வாயை மூடியதும் விடையும் நின்றுவிட்டது. ஒரு சொல்லை விட்டால் மறு சொல் வராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித்தான் பாடமாக்கியிருந்தாள்.

உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள் ஓட்டி, பாடமாக்கியதை அப்படியே தட்டினாள். ஓட்டிப் பார்த்தாள். அது பத்துப் பேரைக் கேட்டது. மூன்றாம் இலக்கத்துக்குப் பிறகு -1 கொடுத்தாள். அதையும் ஒரு புள்ளியாக வாங்கிக்கொண்டு நாலாம் ஆளைக் கேட்டது.

அழித்தாள். வேறுமாதிரித் தொடங்கினாள். -1 வராத வரைக்கும் திருப்பித் திருப்பிச் செய் என்று எழுத வேண்டும், அதற்கு ஒரு முறை இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும். தெரியத் தொடங்கியிருந்தது. எழுதி ஓட்டினாள்.

திரையில் ஒரே இலக்கம் மேலிருந்து கீழாகக் கொட்டத் தொடங்கியது. நிற்கவில்லை. நிறுத்தத் தெரியாமல் கண்ட விசையெல்லாம் அமத்தினாள். இயந்திரம் இறுகிப்போனது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அவர் வந்து, அணைத்து மீண்டும் போட்டு, அது எழும்பி வரும்வரை லவீனா கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி எழுதினாள். மறுபடி கொட்டியது.

எங்கே பிழை என்று சும்மா இருந்து பார்க்க வேண்டும். சத்தமில்லாமல், ஒவ்வொரு வரியாக, இயந்திரம் என்ன செய்யும் என்று தானே இயந்திரமாக நின்று பார்க்க வேண்டும். லப்ரொப் இருந்த நாட்களில் அதைத்தான் பழகிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த மூன்று கிழமையும் சும்மா இருந்தால் தாய் குசினியிலிருந்து "என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்பாள். அவள் உடனே வாயைத் திறப்பாள். இப்போது வாயை மூடினால் பயம்தான் வந்தது.

நேரம் முடிந்தது என்றார்கள்.

---

நேரம் முடிய முன்னரே வெளியே வந்த ஒரு பெடியனை லெனாட் அடையாளம் கண்டான். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. திரையில் கண்ட அதே முகம். அன்று முகத்தின் கீழே பெயரும் இருந்தது.

"நீதானே டினேஸ்?"

பெடியன் ஒரு அடி பின்னுக்குப் போனான். "ஓம். நீங்கள் லவீனான்ரை அண்ணை. அண்டைக்கு ஸ்கிறீனிலை உங்கடை கையைக் கண்டனான்."

"கையையே?"

"ஓம், பெரிய கை. பிறகு இருட்டு." அவன் எச்சிலை விழுங்கினான். "அடிக்கிறதெண்டால் சொல்லுங்கோ அண்ணை, கண்ணாடியைக் கழட்டிறன். போன மாசம்தான் மாத்தினது."

லெனாட்டுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"என்ன கதை உங்களுக்கு ரெண்டு பேருக்கும்?"

"ரெண்டு பேரோ? நாங்கள் ஆறு பேர் அண்ணை. ரிப்பீற்காரர் எல்லாரும். தக்சாயினி, ஜெயசுதன் எல்லாரும் அந்த வீடியோக் கோலிலை இருந்தவை."

"நான் உன்ரை மூஞ்சையை மட்டும்தான் கண்டனான்."

"மற்றவை கமராவை நிப்பாட்டி வைச்சவை. போட்டால் டேற்றா முடிஞ்சிடும். எங்கடை வீட்டிலை, கொடிகாமத்திலை, வைஃபை இருக்கு. அதாலை நான் மட்டும் போட்டிருந்தனான்."

ஒரு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அது போகும்வரை லெனாட் பொறுத்தான்.

"அப்ப ஏன் அவள் ஒண்டும் கதைக்காமல் உன்னையே பாத்துக்கொண்டிருந்தவள்?"

"என்னையோ?" டினேஸ் உண்மையாகவே குழம்பினான். "புரோகிராம் ஒண்டு ஓடேல்லை. எங்கை பிழையெண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். நான் மூலையிலை சின்னதாத்தான் தெரிஞ்சிருப்பன். பிழை பாக்கேக்கை ஒருத்தரும் கதைக்கிறேல்லை அண்ணை. கதைச்சால் பிழை தெரியாது."

லெனாட் மோட்டச்சைக்கிளின் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"போன வருசம் லவீனா பாடமாக்கி வந்துதான் விழுந்தவ" என்றான் டினேஸ். "இந்த வருசம்தான் விளங்கிச் செய்யத் தொடங்கினவ. எங்கள் ஆறு பேரிலையும் முதல் பிழை பிடிக்கிறது அவதான். பிறகு ஆளைக் காணேல்லை. இண்டைக்குப் பின்னாலை இருந்து பாத்தன். அவவின்ரை ஸ்கிறீன் நிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது."

"அதெண்டால்?"

டினேஸ் தயங்கினான். "நல்லதில்லை அண்ணை" என்றான்.

---

லவீனா வெளியே வந்தபோது லெனாட் ரீக் கடையில் இரண்டு றோல்சும் பிளேன் ரீயும் வாங்கி வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆம்பிளைகள் தின்னக் கொடுப்பார்கள். அவள் ரீயை மட்டும் எடுத்தாள்.

"எப்பிடி?"

"பின்னேரம் நான் போகேல்லை. போய்ப் பிரயோசனமில்லை. வீட்டை விடு. திங்கள் தொடக்கம் அம்மாவோடை கொம்பனிக்குப் போறன். ஆள் எடுக்கினமாம்."

"விசர்க்கதை கதையாதை."

"அம்மா போறது விசரே?"

அவன் கையிலிருந்த றோல்சை ஒரு நாய் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிய்த்து அதற்குப் போட்டான்.

"டினேசைக் கண்டனான்" என்றான். "எல்லாம் சொன்னவன். ஆறு பேராம். டேற்றா முடியுமெண்டு மற்றவை கமராவை நிப்பாட்டினவையாம். பிழை பாத்துக்கொண்டிருந்தனீங்களாம்."

லவீனா ரீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கு நான் உனக்கு என்ன சொன்னனான்?"

அவன் நாயைப் பார்த்தான்.

"ஆறு பேரெண்டு சொன்னனானோ இல்லையோ? டேற்றா எண்டு சொன்னனானோ இல்லையோ? உன்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு சொன்னனான். அம்மாவும் நிண்டவ. நான் சொன்னால் பொய். வீதியிலை நிக்கிற பெடியன் சொன்னால் உண்மை. என்ன?"

"கோபத்திலை..."

"கோபம் ஒரு நாள் இருக்கும் அண்ணை. நீ மூண்டு கிழமை வைச்சிருந்தனீ."

 அப்பா செத்த வருசம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலில் இறங்கியவன் அவன், அவளைப் படிப்பிக்க வேண்டுமென்று. அதைச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தான். சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று அவனுக்கே தெரிந்தது.

"பின்னேரத்துக்குப் போ" என்றான் கடைசியில். "எனக்காக இல்லை. சும்மா போ."

அவள் எழும்பினாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போனாள்.

---

குணலட்சுமி மிஸ் அவளுடைய விடையைத் திரையில் திறந்து வைத்திருந்தாள். ஓட்டிக் காட்டவில்லை. அந்த மட்டுக்கு இரக்கம்.

"இது ஏன் நிக்காமல் ஓடுது?"

வெளியே நடந்துகொண்டிருந்தபோதே லவீனாவுக்கு அது தெரிந்துவிட்டது. வாசலுக்கும் ரீக் கடைக்கும் இடையில், யாரும் அவளைப் பேசச் சொல்லாத அந்தக் கொஞ்ச தூரத்தில்.

"புள்ளியை முதல் ஒருக்கா மட்டும்தான் வாங்கிறன் மிஸ். உள்ளுக்கை திரும்ப வாங்கேல்லை. அப்ப அது அதே இலக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பாக்கும். -1 வாறதுக்கு வழியே இல்லை."

"அப்ப என்ன செய்யவேணும்?"

"கடைசி வரிக்கு முதல் ஒரு வரி போடவேணும். அடுத்ததை வாங்கெண்டு."

மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "ஒரு வரி."

"ஓம் மிஸ்."

"உது தெரிஞ்ச ஆள் ஏன் அங்கை இருந்து செய்யேல்லை? நான் உமக்கு வாயாலை சொன்னதுக்குத் தனிப் புள்ளி போடுவன். ஆனால் அது காணாது. ஓடாத புரோகிராமை அது தூக்காது." பேனையை மேசையில் வைத்தாள். "லீவுக்கு முதல் நல்லாச் செய்துகொண்டிருந்தனீர். என்ன நடந்தது உமக்கு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. லவீனாவின் வாயில் அண்ணையின் கை, பொலித்தீன் பை, தாயின் குசினி எல்லாம் வந்து நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"காய்ச்சல் மிஸ்."

"மூண்டு கிழமையுமே?"

"ஓம்."

"அப்ப ஏன் முதலே சொல்லேல்லை? வெள்ளிக்கிழமைக்குள்ளை டொக்டரிட்டை மெடிக்கல் ஒண்டு எடுத்துக்கொண்டுவாரும். அதை வைச்சு இன்னொரு தடவை இருக்க விடச் சொல்லிக் கேக்கலாம். போன வருசமும் ஒருத்தருக்கு விட்டது."

---

மாடிப்படியடியில் காத்திருந்த லெனாட்டுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"மெடிக்கலோ? காய்ச்சல் இல்லையே உனக்கு."

"இல்லை."

"எனக்காக ஏன் பொய் சொன்னனீ?"

"உனக்காகச் சொல்லேல்லை. வெக்கத்திலை சொன்னனான். அண்ணை லப்ரொப்பைப் பறிச்சுப் பரலுக்கை போட்டவர் எண்டு அந்த மனிசியிட்டை என்னெண்டு சொல்லுறது?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நான் கொஞ்சம் யோசிக்கவேணும். நீ ஒண்டும் செய்யாதை. விளங்கிச்சே? நான் லப்பிலை பையை எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் போனாள். லெனாட் படியைப் பார்த்தான்.

நேவிக்காரனுக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் பொய் சொல்லிப் பழகிய வாய்தான் அவனுடையது. அவற்றில் ஒன்றுகூடத் தொண்டையில் நின்றதில்லை. இது நின்றது. தான் செய்ததை மூடத் தங்கச்சி காய்ச்சல்காரியாக வேண்டுமா? ஒரு தடவையாவது ஆம்பிளையாக நின்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மத்தியானம் முதல் நெஞ்சில் கிடந்த பாரம் அவனைப் பிடித்து மேலே தள்ளியது.

"மிஸ், நான் லவீனான்ரை அண்ணை."

"ஓ, வாங்கோ. இப்ப காய்ச்சல் எப்பிடி?"

"காய்ச்சல் இல்லை மிஸ். அவள் பொய் சொன்னவள். பிழை என்ரை. நான்தான் லப்ரொப்பைப் பறிச்சு வைச்சனான். பெடியனோடை கதைக்கிறாள் எண்டு நினைச்சு. அது பழுதாயும் போச்சு. அவளிலை ஒரு பிழையும் இல்லை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். மத்தியானத்துக்குப் பிறகு முதன்முறையாக நெஞ்சு காற்று வாங்கியது.

குணலட்சுமி மிஸ் கண்ணாடியைக் கழட்டினாள்.

"ஏன் தம்பி எனக்கு வந்து சொன்னனீங்கள்?" என்றாள். கோபமில்லை, களைப்பு. "காய்ச்சலெண்டால் அதுக்கொரு வழியிருக்கு. அண்ணை லப்ரொப்பைப் பறிச்சதுக்கு ஒரு வழியும் இல்லை. இனி நீங்கள் மெடிக்கல் கொண்டுவந்தாலும் தெரிஞ்சுகொண்டு நான் அதை வாங்கேலாது."

லெனாட்டுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. கதவடியில், தோளில் பையோடு, லவீனா.

"மிஸ்..." என்றான் அவன்.

"பகுதித் தலைவரிட்டைக் கதைச்சுப் பாக்கிறன். நம்பி இருக்காதையுங்கோ."

படியால் இறங்கும்போது அவன் அவளுக்குப் பின்னால் இறங்கினான். கீழே வந்ததும் அவள் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உனக்கு இப்ப மனம் லேசாப் போச்சுதே?"

"பிள்ளை, நான் உண்மையைத்தான்..."

"அண்டைக்கும் என்னட்டைக் கேக்காமல் எடுத்தனீ. இண்டைக்கும் என்னட்டைக் கேக்காமல் குடுத்திட்டாய்." குரல் உயரவில்லை. "பொய்க்குப் போறதோ இல்லையோ எண்டு நான்தான் யோசிச்சிருக்க வேணும். அது என்ரை சோதினை அண்ணை."

அவள் வாசலைக் கடந்து போனாள். லெனாட் மோட்டச்சைக்கிளை அடித்துத் திருப்பிக்கொண்டு பின்னால் போனபோது, அவள் குருநகர்ப் பக்கம் திரும்பவில்லை. நேரே பஸ் நிலையத்துக்குப் போனாள். கொடிகாமம் என்று பலகை போட்ட பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலோரத்தில் டினேசின் தடித்த கண்ணாடி தெரிந்தது.

லவீனா அதில் ஏறினாள்.

அவளைக் கூப்பிட லெனாட்டின் வாய் திறந்தது. பஸ்சை மறித்து, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வர அவனுக்கு ஒரு நிமிசம் போதும். அவனைத் தெரிந்த இரண்டு பேர் அங்கே நின்றார்கள், பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நாளைக்குக் கரை முழுக்கக் கதை வரும். அவள் ஏன் போகிறாள் என்றோ, தாய்க்கு என்ன சொல்வது என்றோ தெரியவில்லை. ஆனால் அது அவளாகச் சொல்ல வேண்டியது.

பஸ் அசைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டான்.